முக்குவத்திகளைப்போல

முட்டத்தைத் தாண்டியதும் கார் கண்ணாடியை ஏற்றியது நான்தான். சாலையோரம் வலை விரித்து அதன்மேல் நெத்திலி காயப்போட்டிருந்தார்கள். காற்று கடலிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. தோழிகள் இருவரும் எதுவும் சொல்லவில்லை. பின்னிருக்கையில் இருந்தவள் தன் பக்கத்துக் கண்ணாடியையும் ஏற்றினாள். கருவாடு போட்ட கத்திரிக்காய்க் குழம்பை முந்தின நாள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள்தான் நாங்கள் மூன்று பேரும்.

நாகர்கோவிலில் காலையில் கிளம்பும்போது திட்டம் எளிதாக இருந்தது. ராஜாக்கமங்கலம் வழியாகக் கடலோரச் சாலையைப் பிடிப்பது, முட்டம் பாறைகளில் கொஞ்ச நேரம், பிறகு மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு, மதியத்துக்குக் குளச்சல். மாலையில் தக்கலைப் பக்கம் போய் உதயகிரிக் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. ஆண்துணை இல்லாமல் மூன்று பெண்கள் ஒரு காரில் ஊர் சுற்றக் கிளம்பினாலே அதை ஒரு சாதனையாகப் பேசும் வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அந்தப் பெருமிதமும் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன்.

முட்டத்துப் பாறைகள் என்றதும் என் தலைமுறைக்கு நினைவுக்கு வருவது சினிமா. 'அலைகள் ஓய்வதில்லை', 'கடலோரக் கவிதைகள்' இரண்டையும் பாரதிராஜா இங்கேதான் எடுத்தார். நேரில் பார்க்கும்போது அந்தப் பாறைகள் காதலுக்கு ஏற்ற இடமாகத் தெரியவில்லை. செம்மண் மேடு சட்டென்று முடிந்து, கறுத்த பாறைகள் கடலுக்குள் இறங்குகின்றன. அலை அவற்றில் மோதுவதில்லை, அறைகிறது. இந்தக் கடலில் கட்டுமரம் தள்ளிப் பிழைத்த மக்கள் எப்படிப்பட்டவர்களாக இருப்பார்கள் என்பதை யோசிக்கப் பாறைகளே போதும்.

மணவாளக்குறிச்சியில் கறுப்பு மணல். மண்டைக்காட்டில் பகவதி அம்மன். மாசிக் கொடையின்போது பெண்கள் இருமுடி சுமந்து வருவதால் பெண்களின் சபரிமலை என்று சொல்லப்படும் கோயில். 1982இல் இதே ஊரில் தொடங்கிய மதக் கலவரத்தை விசாரிக்க நீதிபதி வேணுகோபால் ஆணையம் அமைக்கப்பட்டது. கடலில் குளிக்க வந்த பெண்களுக்கு நேர்ந்த அவமதிப்பு என்ற பேச்சிலிருந்து பற்றிய நெருப்பு அது. இரண்டு பக்கத்து ஆண்களும் பெண்களின் மானத்துக்காகவே சண்டையிட்டதாகச் சொன்னார்கள். வழக்கமான கதைதான். நாங்கள் அங்கே இறங்கவில்லை.

குளச்சலுக்குப் போக எனக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, எல்லோரும் பார்க்கும் வெற்றித் தூண். இன்னொன்று, ஓர் அரசாணையில் வரும் ஒரே ஒரு வரி.

தூணின் கதை பலருக்கும் தெரியும். மிளகு வணிகத்தில் யார் கை ஓங்குவது என்பதில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவுக்கும் மோதல். டச்சுப் படை குளச்சலில் வந்து இறங்கியது. 1741 ஆகஸ்டில் திருவிதாங்கூர்ப் படை அதைத் தோற்கடித்தது. ஆசிய அரசு ஒன்று ஐரோப்பியப் படையை வென்ற அபூர்வமான போர் என்று புத்தகங்கள் கொண்டாடுகின்றன. பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்து, வலிய கப்பித்தான் ஆனார். போரைப் பற்றிச் செவிவழிக் கதைகளும் உண்டு. பனந்தடிகளை மாட்டுவண்டியில் ஏற்றிப் பீரங்கிபோலக் காட்டினார்களாம். மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்துக் கரையில் வரிசையாக நிற்க, கப்பலிலிருந்து பார்த்தவர்களுக்குத் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்களாகத் தெரிந்தார்களாம். உண்மையோ இல்லையோ, துடுப்போடு நின்ற ஆண்களுக்குக் கதையிலாவது ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

தூணின் அடியில் நின்றபோது அந்தக் கரையிலேயே பெண்கள் மீன் ஏலம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விலை கூவுகிற குரல், அதைவிட உயரமாக மறுக்கிற குரல். என் கையிலிருந்த கேமராவை ஒருவர் முறைத்துப் பார்த்தார். உள்ளே வைத்துவிட்டேன்.

இனி அந்த வரிக்கு வருகிறேன். அதற்கு முன்னால் தோள்சீலைப் போராட்டத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்த வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் உடை என்பது உடல் மறைப்பு அல்ல, சாதிச் சான்றிதழ். தன்னைவிட உயர்ந்தவர் முன்னால் மார்பைத் திறந்திருப்பதுதான் மரியாதை. நாயர் பெண்கள் நம்பூதிரிகள் முன்னால் மேலாடையை விலக்க வேண்டும். அன்று சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் பெண்களும், அவர்களுக்கும் கீழே தள்ளப்பட்ட சாதிப் பெண்களும் யார் முன்னாலும் மேலாடை போடக் கூடாது. ஏணியில் எந்தப் படியில் நிற்கிறாள் என்பது தெருவில் நடந்துவரும்போதே தெரிந்துவிட வேண்டும். அதற்காகத்தான் அவள் தோள்.

1812இல் ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவத்துக்கு மாறிய நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று ஆணையிட்டார். எதிர்ப்புக் கிளம்ப, 1814இல் அது சுருங்கியது. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளாப் பெண்களும் போடுகிற குப்பாயம் போடலாம், நாயர் பெண்களைப்போலத் தோளில் சீலை போடக் கூடாது. லண்டன் மிஷன் பெண்கள் தளர்ந்த சட்டை ஒன்றை வெட்டித் தைத்துக் கொடுத்தார்கள். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் நடத்திய பள்ளியில் பெண் குழந்தைகள் எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றார்கள். அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர் அந்த லேஸ் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கினார்கள். வீர வரலாற்றில் இந்த நூல்கண்டு வராது. எனக்கென்னவோ குளச்சல் தூணைவிட இது பெரிதாகத் தெரிகிறது.

ஆனால் பெண்கள் மிஷன் கொடுத்த சட்டையோடு நிற்கவில்லை. அதற்கு மேல் தோள்சீலையும் போட்டுக்கொண்டார்கள். நாகரிகத்துக்கு ஒரு சட்டை போதும் என்று வெள்ளைக்காரர்கள் நினைத்தார்கள். இவர்களுக்கு வேண்டியிருந்தது சட்டை அல்ல, சமத்துவம். எந்தத் துணி மறுக்கப்பட்டதோ அந்தத் துணிதான் வேண்டும். 1822இல் கல்குளம், இரணியல் பகுதிகளில் தாக்குதல் தொடங்கியது. சந்தையில் பெண்களின் மேல்துணி கிழிக்கப்பட்டது. சந்தை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் எதைப் போட்டாலும் யாருக்கும் கவலையில்லை. நாலு பேர் கூடுமிடத்தில், காசு கைமாறும் இடத்தில், தலைநிமிர்ந்து வந்ததுதான் குற்றம். 1829 பிப்ரவரியில் ராணி கௌரி பார்வதி பாயின் பெயரில் வந்த அறிவிப்பு தோள்சீலையை மீண்டும் தடுத்தது. அறிவித்தது ஒரு பெண் என்பதால் ஒன்றும் மாறிவிடவில்லை.

மூன்றாவது அலை 1858இன் இறுதியில். சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு விக்டோரியா ராணியின் பிரகடனம் வந்திருந்த நேரம். மீண்டும் சந்தைகளில் துணி கிழிப்பு, வீடுகளும் ஜெபக்கூடங்களும் எரிப்பு. சென்னை கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் நெருக்கடி கொடுக்க, உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1859 ஜூலை 26 அன்று ஆணையை வெளியிட்டார். தோள்சீலைப் போராட்டத்தின் வெற்றி என்று நாம் கொண்டாடும் ஆணை இதுதான்.

அது என்ன சொல்கிறது? கிறிஸ்தவ நாடார் பெண்களைப்போல மற்ற நாடார் பெண்களும் குப்பாயம் போடலாம். எந்த மதத்து நாடார் பெண்ணும் முரட்டுத் துணியை, முக்குவத்திகள் சுற்றிக் கட்டுவதைப்போலக் கட்டிக்கொள்ளலாம். வேறு எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம். மேல்சாதிப் பெண்களைப்போல மட்டும் கூடாது.

முக்குவத்திகளைப்போல. குளச்சலிலும் முட்டத்திலும் கடியப்பட்டணத்திலும் மீன் சுமந்த பெண்கள் அரசு ஆணையில் நுழைந்தது இப்படித்தான். மனு கொடுத்தவர்களாக அல்ல, அடி வாங்கியவர்களாகவும் அல்ல. அளவுகோலாக. இவர்கள் உடுத்துகிற மாதிரி நீங்களும் உடுத்தினால் யாருக்கும் பொறாமை வராது, ஏணி குலையாது என்று அரசு கணக்குப் போட்டது. முக்குவத்தி எப்படிக் கட்டுவாள் என்று ஆணையில் விளக்கம் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் தெரியும். அவள் தினமும் தலைச்சுமையோடு அவர்கள் வாசலுக்கு வருகிறவள்.

இந்த முக்குவர்கள் அப்போதே முந்நூறு ஆண்டுக் கிறிஸ்தவர்கள். 1544இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரையில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக எழுதினார். கிறிஸ்தவப் பெண்ணுக்கு மேலாடை என்று மிஷன் வாதாடியபோது அந்தக் 'கிறிஸ்தவப் பெண்' இவள் அல்ல. இவள் கத்தோலிக்கப் பெண், அவர்கள் புராட்டஸ்டன்ட் மிஷனரிகள். இவள் கடற்கரை, அவர்களது பள்ளிகள் உள்நாட்டில். நாடார் பெண்கள் தெருவில் வாங்கிய அடியைக் குறைத்துச் சொல்வது என் நோக்கம் இல்லை. அந்தப் பாடம் நம் பிள்ளைகளின் கையிலிருந்து பிடுங்கப்பட்டபோது கோபப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் உடையும் சாதி மோதலும் பற்றிய பகுதியைத் தேர்வுக்குப் படிக்க வேண்டாம் என்று 2016 டிசம்பரில் சிபிஎஸ்இ சுற்றறிக்கை விட்டது. சில ஆண்டுகளில் அந்த அத்தியாயமே போனது. ஆனால் அந்தப் பாடம் இருந்த காலத்திலும், அதற்காக நாங்கள் கூட்டம் போட்டுப் பேசிய காலத்திலும், முரட்டுத் துணி பற்றிய அந்த வரியில் நான் ஒரு நிமிடம்கூட நின்றதில்லை. வெற்றியின் தேதியை மனப்பாடம் செய்திருந்தேன். வெற்றி யாரை அளவாக வைத்து வெட்டப்பட்டது என்று பார்க்கவில்லை.

முரட்டுத் துணி கட்டியவள் உண்மையில் யார்? இந்தக் கரை ஊர்களில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் கல்பனா ராம், முக்குவப் பெண்களைப் பற்றி 1991இல் ஒரு நூல் வெளியிட்டார். கடலுக்குப் போவது ஆண். கடலும் கரையும் ஆண்களின் வெளி என்ற கட்டுப்பாடு பெண்களுக்கு உண்டு. ஆனால் மீன் கரைக்கு வந்த பிறகு அது காசாவது பெண்ணின் கையில். கடன் வாங்குவது, கொடுப்பது, சீட்டுப் பிடிப்பது, மீன்பாடு இல்லாத மாதங்களில் அடுப்பு அணையாமல் பார்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு. வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகும். கல்யாணமான பெண் தாய்வீட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பாள். உள்நாட்டு மேல்சாதி வீடுகளில் காசைத் தொட்டுப் பார்க்காத பெண்கள் இருந்த காலத்தில், இவள் சந்தையில் உட்கார்ந்து விலை பேசினாள். அடக்கம் இல்லாதவள், வாய் நீண்டவள் என்று பெயர் வாங்கினாள். 'மீன்காரி மாதிரிக் கத்தாதே' என்று என்னையும் வீட்டில் திட்டியிருக்கிறார்கள். உங்களையும் திட்டியிருப்பார்கள்.

துணி விஷயம் காலத்தோடு கரைந்துவிட்டது. இன்று ஏலக்கூடத்தில் நிற்கும் பெண் கட்டியிருப்பதும் உங்கள் வீட்டில் கட்டுவதும் ஒரே கடைப் புடவை, ஒரே நைட்டி. ஏணிக்கு வேறொரு அடையாளம் தேவைப்பட்டது, அதற்கு வாசம் கிடைத்தது.

1956 நவம்பர் 1 வரை குளச்சலும் திருவனந்தபுரமும் ஒரே அரசின் கீழ் இருந்த ஊர்கள். எல்லை பிரிந்த பிறகும் கரை ஒன்றுதான், கரைமக்களும் ஒன்றுதான். திருவனந்தபுரத்துக் கரையில் மீன் விற்கும் பெண்களைப் பேருந்தில் ஏற்ற மறுத்தபோது, 1970களின் கடைசியில் அவர்கள் ஒன்றுகூடிப் போராடினார்கள். மறியலும் மனுவுமாகச் சில ஆண்டுகள். கடைசியில் அரசு மீன்காரப் பெண்களுக்கென்று தனிப் பேருந்துகளை விட்டது. பெரிய வெற்றி, சந்தேகமில்லை. பல மைல் நடந்த கால்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனாலும் தனிப் பேருந்து என்ற சொல்லைப் படிக்கும்போது எனக்கு 1859 ஞாபகம் வருகிறது. போகலாம், எங்களோடு மட்டும் வேண்டாம்.

2021 மே மாதத்தில் தமிழ்நாட்டு அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில், குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப ஏறிய ஒரு முதிய பெண்ணை, நாற்றம் அடிக்கிறது என்று இறக்கிவிட்டார்கள். அவர் பேசாமல் நடந்து போய்விடவில்லை. நிலையத்திலேயே நின்று நியாயம் கேட்டார். அந்தக் காணொளியை அன்று நாம் எல்லோரும் பார்த்தோம். முதலமைச்சர் கண்டித்தார். ஓட்டுநர், நடத்துநர், நேரக் காப்பாளர் மூவரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். தொலைக்காட்சிகள் அவரைப் பாவப்பட்ட மூதாட்டி ஆக்கின. நான் பார்த்த காணொளியில் அவர் பாவப்பட்டவர் இல்லை. பொது இடத்தில், சத்தம்போட்டு, தன் உரிமையை எண்ணிக் காட்டிய பெண். மீன்காரி மாதிரித்தான் கத்தினார். அப்படிக் கத்தியதால்தான் விஷயம் வெளியே வந்தது.

இதையெல்லாம் குளச்சலில் சாப்பிட்டுக்கொண்டே தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வஞ்சிரம் கிடைக்கவில்லை, சூரை மீன் குழம்பு. ஓட்டிவந்தவள் கேட்டாள்: "அப்ப காலையில ஏன் கண்ணாடிய ஏத்துன?" பதில் இல்லை. நான் சாப்பாட்டைப் பார்த்தேன்.

திங்கள்சந்தைக்குப் போகும் சாலையில், ஊர் முடியும் இடத்தில், ஒரு வயதான அம்மா அலுமினியச் சருவத்தைக் கீழே இறக்கிவைத்துவிட்டு நின்றிருந்தார். தலையில் சும்மாடு அப்படியே இருந்தது. வண்டியை நிறுத்தி, எங்கே போகிறீர்கள் அம்மா என்று கேட்டோம். சந்தைக்கு, பாதிச் சரக்கு மிச்சம், பஸ் போய்விட்டது என்றார். ஏறிக்கொள்ளச் சொன்னோம். அவர் காரையும் எங்களையும் பார்த்தார்.

"சீட்டு நாறிப்போவும் மக்களே."

பரவாயில்லை என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில், கொஞ்சம் அதிகமாகவே சொன்னோம். அவர் சருவத்தின் அடியிலிருந்து மடித்து வைத்திருந்த பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை எடுத்தார். உர மூட்டைக்குள் வருமே, அந்த மாதிரி கனமான ஷீட். பின்னிருக்கையின் அடியில் விரித்து, ஓரங்களைத் தூக்கிவிட்டு, அதன்மேல் சருவத்தை வைத்தார். தான் உட்காரும் இடத்தில் இன்னொரு துண்டு. பழகிய கை. சொல்லச் சொல்லக் கேட்கவில்லை.

"பஸ்ஸுலயும் இதுதான். விரிச்சாலும் மூக்கப் பொத்துவாவ. பொத்தட்டும். எனக்கு எறங்கவேண்டிய எடத்துல எறங்கணும், அவ்வளவுதான்."

எத்தனை வருடமாக விற்கிறார் என்று கேட்டேன். கல்யாணமாகி மூன்றாவது பிள்ளை பிறந்த வருடத்திலிருந்து என்றார். அவருடைய மாமியார் பனையோலைக் கடவத்தில் மீன் எடுத்துக்கொண்டு இதே சாலையில் நடந்தே போவாராம். ஓலைக் கடவத்திலிருந்து மீன் தண்ணீர் முதுகில் வழிந்துகொண்டே இருக்கும், சருவம் வந்த பிறகு அது இல்லை என்றார். இப்போது பைக்கில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு வருகிற பையன்கள் காலையிலேயே வீடு வீடாகக் கொடுத்துவிடுகிறார்கள், அதனால்தான் மதியம் வரை மிச்சம் என்றும் சொன்னார். அவர்கள்மேல் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. ஏலத்தில் அவர்கள் மொத்தமாக எடுத்துவிடுவதுதான் வருத்தம்.

இரணியலும் திங்கள்சந்தையும் அடுத்தடுத்த ஊர்கள். 1822இல் துணி கிழிந்த சந்தைகள் இருந்த பகுதி இது. அதை அவரிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். அதற்குள் சந்தை வந்துவிட்டது. ஷீட்டை உதறாமல், உள்பக்கமாக மடித்து, சருவத்தின் அடியில் வைத்தார். ஒரு சொட்டு கீழே விழவில்லை. சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு, இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் திறந்தார்.

"எவ்வளவு மக்களே?"

வேண்டாம் என்றோம். சரி என்று பையை மூடவில்லை. சருவத்திலிருந்து ஒரு கை சாளையை அள்ளி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, முடிச்சிட்டு, முன்னிருக்கையில் இருந்த என் மடியில் வைத்தார். சும்மா ஏறி வந்தேன் என்று இருக்கக் கூடாது என்றார். நாங்கள் சருவத்தைத் தூக்கிவிட்டோம். சந்தைக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் மட்டும் கேட்டது.

உதயகிரிக் கோட்டையில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1777இல் இறந்தவருக்கு லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே அவர் மனைவியும் மகனும் அடக்கம். குளச்சலில் தோற்றவருக்கும் கல் இருக்கிறது, வென்றவருக்கும் தூண் இருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். கூரை இல்லாத அந்தச் சிற்றாலயத்துக்குள் நின்று எழுத்துகளைப் படிக்க முயன்றோம். முழுதாகப் படித்து முடிக்கவில்லை. காரில் சாளை இருந்தது, வெயில் இன்னும் இறங்கவில்லை. கண்ணாடிகளை நான்கு பக்கமும் இறக்கிவிட்டு நாகர்கோவிலுக்குத் திரும்பினோம்.